எண்ணூர் சேற்றில் எந்த ஆண்டின் சாம்பல்?

அனல்மின் நிலையச் சாம்பல் பற்றிய மத்திய அரசின் அறிவிக்கையில் மிச்சமிருக்கும் கடைசிச் சலுகைக் காலம் 2027 மார்ச் 31-ல் முடிகிறது. அதைச் சிறு செய்தியாகப் போட்டதிலிருந்து கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. பாதிப் பேர், அந்தத் தேதிக்குப் பிறகு எண்ணூரில் சாம்பலே இருக்காது என்று நம்புகிறார்கள். மீதிப் பேர் கேட்பது வேறு: ராஜஸ்தானில் ஏரிச் சேற்றைத் தோண்டி ஐயாயிரம் ஆண்டுக்கு முந்தைய மழையைப் பற்றிச் சொல்கிறார்களே, எண்ணூரின் கொசஸ்தலை ஆற்றுச் சேற்றைத் தோண்டி, எந்தச் சாம்பல் எப்போது வந்தது என்று சொல்ல முடியாதா? இரண்டாவது கேள்விதான் என்னை இழுத்தது. முதல் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன்.

மார்ச் 31-க்குப் பிறகு சாம்பல் போய்விடுமா?

போகாது. 2021 டிசம்பர் 31-ல் வந்த அறிவிக்கை, நிலையங்கள் தாங்கள் வெளியேற்றும் சாம்பலை மூன்றாண்டுச் சராசரியில் 100 விழுக்காடு ‘பயன்படுத்த’ வேண்டும் என்கிறது. கணக்கு 2022 ஏப்ரலில் தொடங்கியது. ஏற்கெனவே பின்தங்கியிருந்த நிலையங்களுக்கு முதல் சுற்றில் மட்டும் ஓராண்டோ இரண்டாண்டோ கூடுதல் அவகாசம். அதற்கும் பிறகு மிஞ்சும் சாம்பலுக்கு டன்னுக்கு 1,000 ரூபாய் அபராதம்.

எது பயன்பாடு என்பதில்தான் சூட்சுமம். சிமெண்ட், செங்கல், சாலைக்கரை ஆகியவற்றோடு, தாழ்வான நிலத்தை நிரப்புவதும் பட்டியலில் உண்டு. எண்ணூரில் தாழ்வான நிலம் என்றால் உப்பளமும் கழிவெளியும்தான் என்பதை டெல்லியில் எழுதியவர்கள் யோசித்தார்களா, தெரியவில்லை. பழைய சாம்பலுக்குப் பத்தாண்டு கெடு. ஆனால் சாம்பல் குளம் இறுகி, மேலே மரம் நட்டு மூடிவிட்டால் அதைத் தோண்டவும் வேண்டாம். சாம்பலைக் குளத்துக்குக் கொண்டுபோகும் குழாய் உடைந்து ஆற்றில் கொட்டியதோ குளத்திலும் இல்லை, லாரியிலும் ஏறவில்லை. ஆக, ஆற்றுக்குள் கிடப்பது இந்த நூறு விழுக்காட்டுக்குள் எங்கேயும் வராது.

அந்தச் சாம்பலைத் தொட்டது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். மீனவர்கள் தொடுத்த வழக்கில் தென்மண்டல அமர்வு 2022 ஜூலையில் மின்வாரியத்தைப் பொறுப்பாக்கி, கழிமுகத்தைச் சீரமைக்க உத்தரவிட்டது. சீரமைப்பு என்றால் நடைமுறையில் பொக்லைனும் தூர்வாரும் கப்பலும்.

ஏரிச் சேற்றில் என்னதான் படிக்கிறார்கள்?

அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. நடுவில் மகரந்தம், உப்பு, காற்று கொண்டுவந்த மணல் எல்லாம் அடுக்காகக் கிடக்கும். பிகானேர் பக்கம் லூன்கரன்சர் ஏரி சுமார் 5,500 ஆண்டுகளுக்கு முன்பே வற்றியதை இப்படித்தான் கண்டு 1999-ல் வெளியிட்டார்கள். மழை குறைந்ததால் ஹரப்பா நகரங்கள் அழிந்தன என்ற எளிய கதை அதோடு ஆட்டம் கண்டது. ஏரி வற்றிப் பல நூற்றாண்டு கழித்துத்தான் அந்த நகரங்கள் செழித்தன. நம் நீலகிரியிலேயே சதுப்புக் கரிமண்ணில் கரிம ஐசோடோப்பை அளந்து, இருபதாயிரம் ஆண்டுக் கால ஈரமும் வறட்சியும் மாறிமாறி வந்ததை 1993-ல் சொல்லிவிட்டார்கள். பழவேற்காடு ஏரியின் சேற்றிலும் பழைய கடல்மட்டத்தைத் தேடியிருக்கிறார்கள்.

எண்ணூரில் தேட வேண்டியது மழையை அல்ல, உலைத் தூசியை. இதற்கு ஒரு வசதி உண்டு. நிலக்கரி 1,300 டிகிரிக்கு மேல் எரியும்போது அதிலுள்ள மண் உருகித் துளியாகும். துளி தன் பரப்பிழுவிசையால் உருண்டையாகி, கீழே விழுமுன் கண்ணாடியாக உறைந்துவிடும். ஆற்று மணலும் களிமண்ணும் நுண்ணோக்கியில் கோணல்மாணலாகத் தெரியும். நடுவே பளிங்குக் கோலிகள் தெரிந்தால் அது உலையில் பிறந்தது. அரைகுறையாக எரிந்த கரியுருண்டைகளும் உண்டு. இயற்கையில் அவற்றுக்கு வேறு பிறப்பிடமே இல்லை. உலகெங்கும் ஏரிகளில் 1950-ஐ ஒட்டி அவை திடீரெனப் பெருகுவதையும் ஒரு சான்றாக வைத்து, மனிதர் காலம் என்று ஒரு புதிய நிலவியல் யுகத்தையே அறிவிக்கப் பார்த்தார்கள். கனடாவின் கிராஃபோர்டு ஏரியை அதற்கு அடையாள இடமாகவும் தேர்ந்தெடுத்தார்கள். 2024 மார்ச்சில் நிலவியலாளர் குழு வாக்கெடுப்பில் அதை நிராகரித்தது. யுகம் தோற்றது, உருண்டைகள் அப்படியே கிடக்கின்றன.

ஆக, சாம்பல் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது சுலபம். எந்த ஆண்டுச் சாம்பல் என்பதுதான் வம்பு. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல் தொடங்கி 2017-ல் மூடப்பட்டது. வடசென்னை நிலையத்தின் முதல் கட்டம் 1994-லிருந்து, இரண்டாம் கட்டமும் வல்லூர் அனல்மின் நிலையமும் 2010-களில், வடசென்னையின் மூன்றாம் கட்டம் 2024-ல். யார் எவ்வளவு கொட்டினார்கள் என்ற வாதத்தில் பத்தாண்டு முன்பின் ஆனால் பொறுப்பே கைமாறிவிடும்.

சேற்றுக்கு வயது சொல்வது எப்படி?

இந்த வித்தையைத்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசை. மண்ணிலுள்ள ரேடியத்திலிருந்து ரேடான் என்ற வாயு கசிந்து மேலே போகிறது. அதன் அரை ஆயுள் நான்கு நாள்கூட இல்லை. காற்றிலேயே சிதைந்து சிதைந்து ஈயம்-210 ஆகிறது. ஈயம் தூசியில் ஒட்டி மழையோடு இறங்கி, ஏரியில் விழுந்து, சேற்றில் படிகிறது. அங்கே புதைந்த பிறகு புது வரத்து இல்லை. 22 ஆண்டு சொச்சத்துக்கு ஒருமுறை பாதியாகும். மேல் அடுக்கில் 100 இருந்து, ஓர் அடுக்கில் 50 இருந்தால் அது 22 ஆண்டுப் பழையது. 25 இருந்தால் 44 ஆண்டு. நூறு, நூற்றைம்பது ஆண்டுக்கு அப்பால் அளக்க எதுவும் மிஞ்சாது. 1970-க்குப் பிந்தைய வழக்குக்கு இதைவிடப் பொருத்தமான கடிகாரம் கிடையாது.

ஒரு திருத்தம் செய்தாக வேண்டும். சேற்றுக்குள்ளேயும் ரேடியம் இருக்கிறது; அதுவும் ஓயாமல் ஈயம்-210 தரும். அதனால் ரேடியத்தைத் தனியே அளந்து, அதன் பங்கைக் கழித்து, மிச்சத்தை மட்டும் வானத்திலிருந்து வந்ததாகக் கொள்வார்கள். கணக்கு முழுவதும் இந்தக் கழித்தலில்தான் நிற்கிறது.

சாம்பல் கலைப்பது இந்தக் கழித்தலைத்தான். நிலக்கரியில் துளியளவு யுரேனியமும் அதன் வாரிசுகளும் இருக்கும். கரி எரிந்து போனதும் அவை சாம்பலில் செறியும். நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல்தான் என்பதால் அளவும் கொஞ்சமல்ல. உலை வெப்பத்தில் ரேடியம் தன் இடத்திலேயே கிடக்க, ஈயம் ஆவியாகிப் புகையோடு போகும். புகை ஆறும்போது மிக நுண்ணிய சாம்பல் துகள்கள்மேல் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். எனவே நுண்சாம்பலில், அதன் ரேடியம் விளக்கக்கூடிய அளவைவிட ஈயம்-210 அதிகம். அந்தத் துகள் கழிமுகத்தில் விழுந்தால் நம் கழித்தல் அதை மழை கொண்டுவந்தது என்று வரவு வைக்கும். அடுக்கு உண்மையைவிட இளையதாகத் தெரியும். தொண்ணூறுகளில் கொட்டியது அதற்குப் பிந்தையதாக வேடமிடலாம்.

குழாயில் வரும் சாம்பல் குழம்பு இதற்கு நேர் எதிர். அதில் அடிச்சாம்பலும் பருமனான துகள்களும் கலந்திருக்கும். வானத்து ஈயம் அதில் மிகக் குறைவு. ஒரு வாரக் கசிவில் ஒரு சாண் படிந்துவிட்டால் அந்தச் சாண் முழுவதும் பல பத்தாண்டுப் பழையது போலத் தோன்றும். ஒரே கழிமுகத்தில், புகைபோக்கியின் சாம்பல் வயதைக் குறைக்கிறது, குழாயின் சாம்பல் வயதைக் கூட்டுகிறது. குற்றம் செய்த பொருளே சாட்சியின் தேதியைத் திருத்துகிறது என்பது எனக்கு வியப்பாகவும் இருக்கிறது, கவலையாகவும் இருக்கிறது. நாளை எந்தத் தரப்பு வழக்கறிஞரும் தனக்கு வேண்டிய திசையில் இதை இழுக்கலாம்.

இழுக்க முடியாதபடி ஆணி அடிக்க வழி உண்டு. ஈயத்தை மட்டும் நம்பாமல், தேதி தெரிந்த அடையாளங்களை அதே சேற்றில் தேட வேண்டும். கண்ணாடி உருண்டைகள் முதன்முதலில் பெருமளவில் தோன்றும் அடுக்கு 1970-க்கு முன்னால் இருக்க வாய்ப்பில்லை. 2004 டிசம்பர் சுனாமி கடல் மணலை விட்டுப் போன இடங்களில் அது ஒரு கோடு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்த எண்ணெய் இன்னொரு கோடு. 1963-ஐ ஒட்டி உச்சம் தொட்ட அணுகுண்டுச் சோதனைச் சீசியம் மற்ற நாடுகளில் நல்ல ஆணி. இங்கே அவ்வளவு உறுதியில்லை: நாலில் ஒரு பங்குகூட இப்போது மிச்சமில்லை, உவர்நீரில் சீசியம் சேற்றைச் சரியாகப் பிடித்துக்கொள்வதுமில்லை.

இத்தனையும் சேறு அசையாமல் கிடந்தால்தான். நண்டு வளை அதைக் கலக்குகிறது, ஓதம் கலக்குகிறது, துறைமுகத் தூர்வாரல் கலக்குகிறது. எல்லாவற்றுக்கும் மேலே, நல்ல நோக்கத்தோடு வரும் சீரமைப்பு மொத்தமாக அள்ளிக்கொண்டு போய்விடும். கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களுக்குச் சாம்பல் போவது உடனே வேண்டும். நாலு ஆள் ஆழம் இருந்த இடத்தில் இப்போது நடந்து போகிறோம் என்பவர்களிடம், ஆராய்ச்சி முடியும்வரை பொறுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அள்ளுவதற்கு முன் சில இடங்களில் குழாய் இறக்கி மாதிரி எடுத்து வைக்க யாரும் காத்திருக்கத் தேவையில்லை. சீரமைப்பு ஒப்பந்தத்திலேயே அதை ஒரு நிபந்தனையாகச் சேர்த்தால் போதும். 1996-ல் ஒப்புதல் பெற்ற கரையோர வரைபடத்தில் இருந்த எண்ணூர் கழிமுகம் பிந்தைய அரசு வரைபடத்தில் இல்லை என்று 2017-ல் சர்ச்சை எழுந்த ஊர் இது. எடுத்த மாதிரி ஒன்று வெளியூர் ஆய்வகத்திலும் இருப்பது நல்லது.

மற்ற கேள்விகள்

*புழுதிப் புயல் வடசென்னையில் வந்திருக்கிறதா?* ராஜஸ்தான் பாணியில் இல்லை. ராயபுரத்துக்காரர்கள் துடைத்த கறுப்புப் புழுதி துறைமுகத்து நிலக்கரி. சென்னை உயர் நீதிமன்றம் 2011-ல் அதற்குத் தடை போட, சுமை எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது.

*எண்ணூர் சேற்றை இதுவரை யாரும் ஆராயவில்லையா?* சென்னைப் பல்கலைக்கழக நிலவியலாளர்கள் உட்பட பலர் உலோகங்களை அளந்து கட்டுரை எழுதியிருக்கிறார்கள்.

*சாம்பலில் கதிர்வீச்சு என்றால் பயப்பட வேண்டுமா?* வயதுக் கணக்கைக் கெடுக்கப் போதுமான அளவு. உடலுக்கு முதல் கவலை நுண்தூசியும் ஆர்செனிக் போன்ற உலோகங்களும்.

*பழவேற்காட்டில் குழாய் இறக்கினால்?* அமைதியான சேறு, தென்காற்று கொண்டுபோன சாம்பல் மட்டும்; குழாய்க் கசிவின் குழப்பம் அங்கே குறைவு.

*செப்பாக்கம் சாம்பல் குளத்திலேயே தோண்டினால்?* அது வடசென்னை நிலையத்தின் கிடங்கு; ஆற்றுக்குள் எப்போது வந்தது என்பதை அது சொல்லாது.

*ஊர்க்காரர்களே மாதிரி எடுக்கலாமா?* பிவிசி குழாயை நேராக இறக்கி, மூடி, நிமிர்த்தியே கொண்டுபோனால் எடுக்கலாம். நீதிமன்றம் ஏற்க, ஆய்வகத்தார் உடன் இருப்பது நலம்.

*முடிவு எத்தனை நாளில் வரும்?* ஒவ்வொரு துண்டையும் காற்றுப்புகாமல் மூடி மூன்று வாரம் வைத்த பிறகே ரேடியத்தை அளக்க முடியும், அளவீடு ஒரு துண்டுக்கு ஒரு நாளுக்கு மேல் ஓடும்; ஐம்பது துண்டு என்றால் மாதக்கணக்கு.