தாளம் யார் கையில்?

திருப்புட்குழி விஜயராகவப் பெருமாள் புறப்பாட்டில் எல்லோர் கண்ணும் நாகஸ்வரக்காரர் மேலேயே இருக்கும். அவருக்குப் பின்னால் இருவர் நிற்பார்கள். ஒருவர் ஒத்து ஊதுவார். சுருதி அவர் பொறுப்பு. இன்னொருவர் கையில் தாளம். தவில் எத்தனை கணக்குப் போட்டுச் சுற்றி வந்தாலும், கடைசியில் வந்து இறங்குவது அந்தத் தாளத்தில்தான்.

அன்று அந்த மேளத்தைப் பதிவு செய்ய என்னிடம் இருந்தது ஒரு கேசட் ரெக்கார்டர். நொடிக்கு 4.76 செ.மீ. நாடா ஓட வேண்டும். பேட்டரி இறங்கினால் மோட்டார் தளரும். அப்படித் தளர்ந்து பதிவானதை வீட்டில் கரண்டில் போட்டால் சுருதி ஏறிவிடும். இரண்டு கட்டை நாகஸ்வரம் இரண்டரைக் கட்டையாகக் கேட்கும். ஆனாலும் பாட்டு அறுந்துபோகாது. காது பொறுத்துக்கொள்ளும்.

இன்று அதே வீதிக்கு டிஜிட்டல் மிக்சரும் ரெக்கார்டரும் கொண்டுபோகிறேன். ஒலியை இவை நொடிக்கு 48,000 முறை அளந்து எண்ணாக எழுதுகின்றன, சி.டி.க்கு இது 44,100. எப்போது அளக்க வேண்டும் என்று சொல்வது உள்ளே துடிக்கும் குவார்ட்ஸ் படிகம். கருவிக்குள் இருக்கும் தாளக்காரர் அதுதான்.

ஒருமுறை, ஆழ்வார் பாசுரங்களை ஓதும் கோஷ்டியின் பிரபந்த சேவையை மிக்சரிலிருந்து டிஜிட்டல் கேபிள் வழியாக ரெக்கார்டரில் வாங்கினேன். இரவு ஹெட்போனில் கேட்டால், திருமங்கையாழ்வார் பாசுரத்துக்கு நடுவே சீராக ஒரு 'டிக்'. இரண்டு நொடிக்கு ஒன்று. இரண்டு கருவியும் தத்தம் படிகத்தை நம்பி ஓடியிருந்தன. பத்து லட்சத்துக்குப் பத்து என்ற வேறுபாடே போதும். ஏறக்குறைய இரண்டு நொடிக்கு ஓர் அளவு கூடிவிடும், அல்லது விடுபட்டுவிடும். நாடாவின் பிழை வழுக்கும். எண்ணின் பிழை வெட்டும். ரெக்கார்டரின் மெனுவில் 'இன்டர்னல்' என்றிருந்ததை மிக்சரின் கடிகாரத்துக்கு மாற்றாதது என் தவறு. அன்றைய சேவை திரும்பி வராது.

எல்லாக் கருவிக்கும் ஒரே துடிப்பைத் தரும் மாஸ்டர் கிளாக் தனியாக வாங்கலாமா என்று விசாரித்தேன். வாங்கினால் ஒலியே தெளிந்துவிடும் என்றார்கள். படித்தும் சோதித்தும் பார்த்தபின் எனக்குப் புரிந்தது வேறு. ஒரே கருவியில் பதிவு செய்பவருக்கு அது வேண்டியதில்லை. நல்ல கருவியில் படிகம், ஒலியை எண்ணாக்கும் சில்லுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வெளியிலிருந்து வரும் துடிப்போ கேபிளில் ஓடிவந்து, உள்ளே இன்னொரு சர்க்யூட்டின் கையில் சிக்கித்தான் சேர வேண்டும். வழியில் துடிப்பின் நடுக்கம் கூடவே வாய்ப்பு அதிகம். பிரிட்டனின் 'சவுண்ட் ஆன் சவுண்ட்' இதழ் 2010-ல் அளந்து பார்த்துச் சொன்னதும் இதுதான்.

இரண்டு மூன்று கருவி இருந்தால், ஒன்றைத் தலைமையாக்கி மற்றவற்றை அதன் பின்னால் ஓடவிட்டால் போதும். ஏழெட்டுக் கருவி சேரும் ஸ்டூடியோவில்தான் தனிக் கடிகாரத்துக்கு வேலை. அங்கேயும் பார்க்க வேண்டியவை சில: எத்தனை அவுட்புட், ஒவ்வொரு கருவிக்கும் தனி 75 ஓம் கேபிள் போகிறதா, அதன் முனை ஒழுங்காக டெர்மினேட் ஆகிறதா. ருபீடியம் அணுக் கடிகாரம் வருடக்கணக்கில் நேரத்தைக் காக்கும். இசைக்குத் தேவையோ ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளி சமமாக இருப்பது. நம் வித்வான்கள் காலப்பிரமாணம் என்று கட்டிக்காப்பது அதைத்தான்.

ஊர்களும் ஒரு காலத்தில் தத்தம் உச்சிப்பொழுதை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தன. பல ஊரைத் தொட்டு ஓடும் ரயில் வந்தபோதுதான் பொது நேரம் தேவைப்பட்டது. 1792-ல் அமைந்த சென்னை வானாய்வகத்தின் நேரத்தை ரயில்வே எடுத்துக்கொண்டது. 1906 ஜனவரி 1 முதல் இந்திய சீர் நேரம் நடைமுறைக்கு வந்தது. சேர்ந்து ஓட வேண்டியவர்களுக்குத்தான் பொதுக் கடிகாரம்.

பழைய கேசட்டுகளை இப்போது கணினியில் ஏற்றி வருகிறேன். உறைமேல் நாகஸ்வரக்காரர் பெயர் இருக்கிறது, தவில்காரர் பெயர் இருக்கிறது. தாளக்காரர் பெயரை எதிலும் நான் எழுதவில்லை. இன்று ஒவ்வொரு பதிவின் குறிப்பிலும், எந்தக் கருவி கடிகாரம் என்பதை முதல் வரியில் எழுதுகிறேன். அடுத்த வரி, வீதியில் தாளம் போட்டவர் பெயர். அருகில் போய்க் கேட்டு எழுதிக்கொள்கிறேன்.