இருபத்தைந்து மீட்டர்

அப்பா முதன்முதலாக லைசென்ஸைப் புதுப்பித்தது 2000-இல். இருபது ஆண்டு அல்லது ஐம்பது வயது, எது முந்துகிறதோ அதுவரைதான் செல்லும் என்பது அன்றைய சட்டம். ஐம்பது முடிந்த வாரமே என்னையும் கூட்டிக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனார். விடிந்ததும் கிளம்பினோம், வீடு திரும்பும்போது விளக்கு வைத்திருந்தார்கள். ஒரு ஜன்னலில் பணம், இன்னொன்றில் படிவம், மூன்றாவதில் "சாப்பாட்டுக்கு அப்புறம் வாங்க." பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒன்று குறைந்ததற்காக பஸ் ஸ்டாண்டு வரை ஓடினேன்.

நாற்பது வயதைத் தாண்டினால் டாக்டர் சான்று வேண்டும். படிவம் 1ஏ. அதை வாசலில் நின்ற புரோக்கரே வாங்கி வந்தார். கையெழுத்துப் போட்ட டாக்டரை அப்பா பார்க்கவில்லை. அவரும் அப்பாவைப் பார்க்கவில்லை. அது இன்னும் என் மனதில் உறுத்துகிறது. ஒரு பகல் முழுக்க அத்தனை ஜன்னல்களில் நிற்கவைத்தார்கள், கண் தெரிகிறதா என்று மட்டும் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

2025-இல் அப்பாவுக்கு எழுபத்தைந்து. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பு. காலாவதிக்கு ஓராண்டு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். காலாவதியாகி ஓராண்டைக் கடந்துவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். இப்போது எல்லாம் சாரதி இணையதளத்தில். வீட்டில் உட்கார்ந்தபடியே முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஓ.டி.பி. வரவில்லை. ஆதாரில் இருந்தது அவர் எப்போதோ கைவிட்ட சிம்மின் எண். அதை மாற்ற ஆதார் மையத்துக்குப் போனால், மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலில் ரேகை பதியவில்லை. நான்காவது விரலில்தான் பதிந்தது. மகனோ மகளோ பக்கத்தில் இல்லாத பெரியவர்கள் இதை எப்படித்தான் செய்கிறார்களோ!

டாக்டரிடம் இந்த முறை நேரில் போனோம். அவர் படிவத்தை வரி வரியாகப் படித்தார். நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்திலிருந்து கார் நம்பர் பிளேட் தெரிகிறதா, சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடிகிறதா, மாலைக்கண் உண்டா, ஹாரன் காதில் விழுகிறதா. பிறகு அப்பாவை வாசலுக்கு அழைத்துப்போய், எதிர்ச்சாரியில் நின்ற காரைக் காட்டினார்.

"ஐயா, நம்பரைப் படிங்க."

அப்பா வெகுநேரம் பார்த்தார். "வெள்ளைக் கார்," என்றார்.

இரு கண்ணிலும் புரை. எத்தனை மாதம் அப்படியே டிவிஎஸ் 50-இல் சந்தைக்குப் போய் வந்தாரோ, நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. அன்று சான்று தர மறுத்த டாக்டர்மேல் அப்பாவுக்குக் கோபம். "கைகால் நல்லாத்தானே இருக்கு?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். வண்டிச் சாவியை வாங்கி அம்மாவிடம் கொடுத்தேன். அந்த வாரம் அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஒரு கண், ஒரு மாதம் கழித்து மறு கண். இரண்டும் ஆறியபின் அதே வாசலில் நின்று நம்பர் பிளேட்டைப் படித்தார், எங்கள் பக்கம் திரும்பாமலே. லைசென்ஸ் தபாலில் வீட்டுக்கே வந்தது. வண்டியை மறுபடி எடுக்கிறார், சந்தைக்கும் கூட்டுறவு வங்கிக்கும். பொழுது சாய்ந்துவிட்டால் மட்டும், யாரும் சொல்லாமலே, சாவியை ஆணியில் மாட்டிவிடுகிறார்.