இரண்டாம் முறை அணியும் சீருடை

பிற அரசுப் பணியாளர் அறுபது வயதை அணுகும்போது ஓய்வு பெறுவர். அக்னிபத் திட்டத்திற்கு முன்னர்ப் படையில் சேர்ந்த சிப்பாயோ, ஏறத்தாழ 17 ஆண்டுகள் பணியாற்றியபின், நாற்பது வயது நிரம்புமுன்னரே ஓய்வு பெறுகின்றான். படை என்றும் இளமை மாறாதிருத்தல் வேண்டும் என்பதே இதன் நோக்கம். ஆயினும், அவ்வயதில்தான் வீரனுக்கு இல்லறப் பொறுப்புகள் மிகுகின்றன. மக்கள் பள்ளியில் பயில்வர். பெற்றோர் முதுமை எய்தியிருப்பர்.

திருவள்ளூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிற்கு அவில்தார் ஒருவர் ஓய்வு பெற்றுத் திரும்பினார் எனக் கொள்வோம். அவர்முன் இரண்டு வழிகள் உள்ளன. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை தேடிக்கொண்டு, இத்தனை ஆண்டுகள் பிரிந்திருந்த குடும்பத்தோடு வாழலாம். அன்றேல், மீண்டும் சீருடை அணியலாம்.

அவ்வாறு மீண்டும் சேர விரும்புவோர்க்கு இடமளிப்பது பாதுகாப்புக் காவற்படை. இது 1947ஆம் ஆண்டில் தோன்றியது; இதன் நடுவம் கேரளத்துக் கண்ணூரில் உள்ளது. முன்னாள் வீரர்களே இதில் பெரும்பாலும் சேர்க்கப்பெறுகின்றனர். நன்னடத்தைச் சான்றும் உடல்தகுதியும் இன்றியமையாதவை. தரைப்படை, கடற்படை, வானூர்திப்படை ஆகிய முப்படைகளின் கிடங்குகளையும் நிலையங்களையும் காத்தலே இப்படையின் கடமை. ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையை எண்ணிப் பாருங்கள். 1965இல் விசயந்தா டாங்கி வெளிவந்தது அங்கேதான். இத்தகைய இடங்களில் ஓர் இரவு காவல் தளரினும் நாட்டிற்கு நேரும் கேடு பெரிது. அதனால், காவலுக்குப் பழகிய கண்கள் வேண்டப்படுகின்றன.

இப்பணியில் ஓர் அரிய தியாகமும் உண்டு. முன்னர் எப்பதவி வகித்தவராயினும், பெரும்பாலோர் மீண்டும் சிப்பாயாகவே சேர்கின்றனர். நேற்றுவரை கட்டளையிட்ட அவில்தார், இன்று கட்டளைக்குப் பணிந்து வாயிலில் நிற்கின்றார். பணியிடம் வீட்டிற்கு அருகில் அமையும் என்னும் உறுதியும் இல்லை.

2022ஆம் ஆண்டில் வந்த அக்னிபத் திட்டத்திலோ இக்கேள்வி இன்னும் இளம்வயதிலேயே எழுகின்றது. நான்கு ஆண்டுகள் முடிந்ததும், நூற்றுக்கு 25 பேர்வரை மட்டுமே மேலும் 15 ஆண்டுகளுக்குக் குறையாத பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பெறுவர். அங்கு வீரனின் விருப்பம் மட்டும் போதாது; தேர்வும் வேண்டும்.

முதன்முறை படையில் சேரும் இளைஞன் வரவிருக்கும் இன்னல்களை அறியான். இரண்டாம் முறை சேர்பவர் பனியும் வெயிலும் பிரிவும் இன்னவை என நன்கறிந்தே ஒப்பமிடுகின்றார். ஊதியத்தின் தேவை அவரை உந்தியிருக்கலாம். அதில் இழுக்கொன்றும் இல்லை. அறிந்து ஏற்ற கடமையை வழுவாது ஆற்றும் அவரும், அவர் வரவை மீண்டும் எதிர்நோக்கியிருக்கும் குடும்பத்தாரும் நம் மதிப்பிற்குரியவர் ஆவர்.