நிலம் வாங்கும் முன் ஓர் ஐப்பசியைப் பாருங்கள்!

வெயிலுக்குத் தப்பி மலைக்குக் குடிபெயர நினைத்த ஒரு விவசாயக் குடும்பத்தின் ஓராண்டு அனுபவம்

கரூர் மாவட்டம், அரவக்குறிச்சிப் பக்கம் அந்தக் குடும்பத்துக்கு 3 ஏக்கர் நிலம். இரண்டு ஏக்கரில் முருங்கை, ஒரு ஏக்கரில் சோளம். கிணறு வற்றிப் பல வருடங்கள் ஆகின்றன. ஆழ்துளைக் கிணற்றில் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். தமிழ்நாட்டின் அதிக வெப்பம் பதிவாகும் இடங்களில் கரூர் பரமத்தியின் பெயர் தவறாமல் வரும். சித்திரையில் காலை ஒன்பது மணிக்கு மேல் காட்டில் நிற்க முடியாது.

கணவருக்கு 56 வயது, மனைவிக்கு 51. மகள் திருமணமாகிப் போய்விட்டார். மகன் திருப்பூரில் வேலை. வீட்டில் 78 வயது அம்மா, இரண்டு கறவை மாடுகள். ஒரு கத்திரி வெயில் நாளில் வயலிலேயே மயங்கி விழுந்த கணவர், அன்று இரவு சொன்னார்: "இதை வித்துப்போட்டு எங்கியாச்சும் மலைப்பக்கம் போயிரலாம். அரை வயித்துக் கஞ்சின்னாலும் நெழல்ல உக்காந்து குடிக்கலாம்."

மனைவி உடனே மறுக்கவில்லை. "போலாமுங்க. ஆனா விக்கறதுக்கு முன்னாடி போயிப் பாத்துட்டு வரலாம். வித்தது திரும்பி வராது" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் பின்னால் குடும்பத்தைக் காப்பாற்றியது.

எந்த உயரம், என்ன குளிர்?

மலை என்றால் எல்லா மலையும் ஒன்றல்ல. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர், அதாவது சுமார் 3,300 அடி ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 டிகிரி செல்சியஸ் குறையும். ஏலகிரி சுமார் 1,100 மீட்டர். கொல்லிமலையின் மேல்பகுதி 1,000 முதல் 1,300 மீட்டர். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். கொடைக்கானல் 2,100 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர்.

உயரம் மாறினால் பயிரும் மாறும். ரொபஸ்டா காபி ஆயிரம் மீட்டருக்குக் கீழே நன்றாக வரும். அராபிகா காபிக்கு 1,000 முதல் 1,500 மீட்டர் ஏற்றது. மிளகு, மலைவாழை, ஆரஞ்சு, சௌசௌ ஆகியவை நடுத்தர உயரத்துப் பயிர்கள். கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு ஆகியவற்றுக்கு அதற்கும் மேலே போக வேண்டும். அங்கே மார்கழி, தை மாதங்களில் பள்ளமான இடங்களில் உறைபனி விழுந்து பயிரைக் கருக்கிவிடும். முருங்கையை மட்டுமே அறிந்த கை, ஊட்டியில் போய் முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும்.

மழையும் அப்படித்தான். நீலகிரியின் மேற்கே கூடலூர், தேவாலா பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். கிழக்கே குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழைக்குத்தான் பயப்பட வேண்டும். 2009 நவம்பரில் பெரும் மண்சரிவு ஏற்பட்டதும் இந்தக் கிழக்குச் சரிவில்தான்.

நான்கு மலை, நான்கு பாடம்

முதலில் போனது கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறியதும் அம்மாவுக்கு வாந்தி. இருந்தாலும் பலாவும் மிளகும் சாமைக் காடும் பார்த்ததும் மனம் குளிர்ந்தது. தரகர் காட்டிய ஒன்றரை ஏக்கர், கணவருக்கு மிகவும் பிடித்துப்போனது. விலையும் குறைவு. முன்பணம் கொடுக்கக் கையை மடியில் வைத்தபோது, பக்கத்து நிலத்துப் பெரியவர் ஒருவர் தனியாகக் கூப்பிட்டார். "இது எங்க சனத்துக்குச் சர்க்கார் குடுத்த பூமிங்க. அவன் வித்தாலும் உங்களுக்கு நிக்காது" என்றார்.

அவர் சொன்னது சரி. மலைவாழ் மக்களுக்கு நிபந்தனையோடு ஒப்படைக்கப்பட்ட நிலத்தை வெளியார் வாங்கினால், நிபந்தனை மீறல் என்று ஒப்படையே ரத்தாகக்கூடும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி கொடுக்கப்பட்ட உரிமை, வாரிசுக்குப் போகுமே தவிர, யாருக்கும் விற்க முடியாது. விலை குறைவாக இருக்கிறதென்றால், ஏன் குறைவு என்று கேட்பதுதான் முதல் வேலை.

அடுத்து ஏற்காடு. சேலம் பக்கத்திலேயே இருப்பதால் மருத்துவமனைக்குக் கவலையில்லை. ஆனால், சுற்றுலாவுக்காக விலை ஏறிய பூமி அது. மூன்று ஏக்கரை விற்ற பணத்தில் வீட்டு மனைதான் வாங்கலாம், தோட்டம் வாங்க முடியாது.

மூன்றாவது கோத்தகிரி. தேயிலைத் தோட்டம் பச்சைப் பாய் விரித்த மாதிரி இருந்தது. ஆனால், பறித்த பச்சைத் தேயிலையை அன்றே தொழிற்சாலைக்குக் கொடுத்தாக வேண்டும். அவர்கள் வைக்கும் விலைதான் விலை. அந்தக் குளிரில் இரண்டாம் நாளே அம்மாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது.

நான்காவது, திண்டுக்கல் மாவட்டத்தின் கீழ்ப்பழனி மலை. வத்தலக்குண்டிலிருந்து தாண்டிக்குடி ஏறும் பாதை. காபிச் செடி, அதன்மேல் நிழலுக்குச் சில்வர் ஓக், அதில் மிளகுக் கொடி, இடையே மலைவாழை. தாண்டிக்குடியிலேயே காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமும், அதே மலையில் தடியன்குடிசையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் இருப்பதால், சந்தேகம் கேட்க இடம் உண்டு. "இங்கதான்" என்றார் கணவர்.

"சரி. ஒரு வருசம் குத்தகைக்குப் புடிங்க. அப்புறம் பாக்கலாம்" என்றார் மனைவி.

குத்தகைக்கு ஒரு வருடம்

ஆவணியில் ஒன்றரை ஏக்கர் காபித் தோட்டம், அதில் ஓட்டு வீடு, எல்லாம் எழுத்தில் ஒப்பந்தம். ஊரில் இருந்த நிலத்தைத் தம்பியிடம் வாரத்துக்கு விட்டார்கள். மாடுகளையும் அங்கேயே விட்டுவந்தார்கள். முதல் இரண்டு மாதம் சொர்க்கம். மின்விசிறி இல்லாத தூக்கம். மதியம் இரண்டு மணிக்கும் தோட்டத்தில் வேலை செய்ய முடிந்தது. கணவரின் முகத்தில் பழைய களை திரும்பியது.

ஐப்பசி வந்தது. ஒன்பது நாள் விடாத மழை. துணி காயவில்லை. விறகு பற்றவில்லை. மின்சாரம் போனால் மூன்று நாள் கழித்து வந்தது. சரிவில் மண் கரைந்து, காபிச் செடிகளின் வேர் வெளியே தெரிந்தது. அப்போதுதான் பக்கத்துத் தோட்டங்களில் சரிவுக்குக் குறுக்கே சமமட்ட வரப்பும், நீர் தேங்கி இறங்கக் குழியும் ஏன் எடுத்திருக்கிறார்கள் என்பது விளங்கியது.

ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு அம்மாவுக்கு மூச்சுத்திணறல். பக்கத்து வீட்டு ஜீப்பில் ஏற்றினால், இரண்டாவது வளைவில் மரம் விழுந்து கிடந்தது. நான்கு பேர் அரிவாளும் ரம்பமும் கொண்டுவந்து வெட்டி நகர்த்த ஒன்றரை மணி நேரம். மழையில், ஜீப் வெளிச்சத்தில், அம்மாவின் நெஞ்சைத் தடவிக்கொண்டே மனைவி உட்கார்ந்திருந்தார். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று தாண்டியிருந்தது. ஆக்சிஜன் வைத்தார்கள். அம்மா பிழைத்துக்கொண்டார்.

அந்த இரவுக்குப் பிறகு, வாங்கப் போகும் நிலத்தைப் பற்றிய பேச்சே மாறிப்போனது. "தண்ணி இருக்குதா?" என்பதோடு, "ராத்திரி ரோட்டுக்கு எப்படிப் போறது?" என்பதும் சேர்ந்துகொண்டது.

மாடும் குரங்கும் பழக்கமும்

கார்த்திகையில் காட்டுமாடுகள் வந்தன. ஒரே இரவில் வாழைக் கன்றுகளில் பாதி போயிற்று. சூரிய மின்வேலி போடலாம். ஆனால், அதற்கு வனத்துறையின் அனுமதி வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேரடியாக வேலியில் பாய்ச்சுவது குற்றம், மனித உயிருக்கும் ஆபத்து. பலாவும் வாழையும் பழுத்தால் குரங்குகள் முதலில் ருசி பார்க்கும்.

மலைவாழையில் இன்னொரு எதிரி, முடிக்கொத்து நோய். இலைகள் சிறுத்து, நுனியில் கொத்தாக நிற்கும். அசுவினி பரப்பும் இந்த நச்சுயிரி நோய்க்கு மருந்து கிடையாது. நோய் கண்ட மரத்தைக் கிழங்கோடு தோண்டி அழிப்பதும், நோயில்லாத தோட்டத்துக் கன்றை மட்டுமே நடுவதும்தான் வழி. புகழ்பெற்ற விருப்பாச்சி, சிறுமலை வாழைகள் பெருமளவு அழிந்ததற்கு இந்த நோயே முக்கியக் காரணம்.

தையில் காபிப் பழம் பறிக்க ஆள் கிடைக்கவில்லை. எல்லாத் தோட்டத்திலும் ஒரே நேரத்தில் பறிப்பு. இருவரும் காலை முதல் மாலை வரை பறித்தார்கள். சரிவில் கூடையைச் சுமந்து ஏறியதில் கணவருக்கு முழங்கால் வீங்கியது. கூடவே இன்னொரு கணக்கும் புரிந்தது. புதிதாகக் காபி நட்டால் காய்க்க மூன்று, நான்கு வருடம். மிளகும் அப்படியே. நிலம் வாங்கிப் புதிதாக நடுகிறவர், அதுவரை சாப்பிட வழி வைத்திருக்க வேண்டும்.

பங்குனியில் ஓடை வற்றியது. தரகர்கள் எல்லோரும் நிலம் காட்டுவது மழைக்காலம் முடிந்த கையோடு. அப்போது எல்லா ஓடையிலும் தண்ணீர் இருக்கும். பங்குனி, சித்திரையில் எந்த ஓடை ஓடுகிறதோ, அதுதான் உண்மையான ஓடை. மலையில் நினைத்த இடத்தில் ஆழ்துளைக் கிணறு போட முடியாது, கட்டுப்பாடுகள் உண்டு. காப்புக்காட்டு ஓடையிலிருந்து குழாய் இழுத்திருந்தால், அதற்கு முறையான அனுமதி உண்டா என்று பார்க்க வேண்டும்.

கடைசியில் என்ன முடிவு?

ஓராண்டு முடிந்ததும், குடும்பம் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பேசியது. மகனும் திருப்பூரிலிருந்து வந்திருந்தார். "நாளைக்கு நான் வேலை போய்த் திரும்பி வந்தா, எனக்கு அரவக்குறிச்சிலதான் நாலு பேரைத் தெரியும்" என்றார் மகன்.

மூன்று ஏக்கரையும் விற்கும் எண்ணம் கைவிடப்பட்டது. தண்ணீர் குறைந்த சோளக்காடு ஒரு ஏக்கரை மட்டும் விற்றார்கள். முருங்கை இரண்டு ஏக்கரும் தம்பியின் பொறுப்பில் தொடர்கிறது. கையில் இருந்த பணத்துக்கு மலையின் மேலே நிலம் தேடவில்லை. பாதி ஏற்றத்தில், சுமார் 900 மீட்டர் உயரத்தில், பேருந்துச் சாலையிலிருந்து நடக்கும் தூரத்தில் 80 சென்ட் காய்ப்பில் உள்ள தோட்டம் வாங்கினார்கள். மேலே இருக்கும் குளிர் இங்கே இல்லை. மதியம் கொஞ்சம் வியர்க்கும். ஆனால், அம்மாவுக்கு மூச்சு இழுப்பதில்லை. இரவு எந்நேரமானாலும் கீழே இறங்கிவிடலாம்.

மார்கழி, தையில் அம்மாவைச் சமவெளி வீட்டுக்கே அழைத்துப் போய்விடுகிறார்கள். "ரெண்டு ஊட்டுக்கும் சாவி வச்சிருக்கிறோம். வெயிலுக்கு ஒண்ணு, குளிருக்கு ஒண்ணு" என்று சிரிக்கிறார் மனைவி.

மலையில் நிலம் வாங்கும் முன்…

* சமவெளி நிலத்தை முழுதாக விற்காதீர்கள். ஒரு வருடமாவது குத்தகைக்கோ வாடகைக்கோ இருந்து பாருங்கள்.
* ஐப்பசி மழையிலும், பங்குனி வறட்சியிலும் அதே நிலத்தை நேரில் பாருங்கள்.
* மூலப்பத்திரம், பட்டா, அ-பதிவேடு, புலப்படம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று ஆகியவற்றை வழக்கறிஞரிடம் காட்டுங்கள். ஒப்படை நிலமா, தனியார் காடா, காப்புக்காட்டை ஒட்டியதா என்று வட்டாட்சியர், வனத்துறை அலுவலகங்களில் கேளுங்கள்.
* மலையிடப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கிராமமா என்று பாருங்கள். அப்படியானால் வீடு கட்டவும், மனை பிரிக்கவும் தனி அனுமதி வேண்டும். மரம் வெட்டுவதற்கும் 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி தேவை.
* வண்டிப்பாதை பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா? பக்கத்துத் தோட்டக்காரரின் வாய்வார்த்தை போதாது.
* செங்குத்துச் சரிவின் அடியிலும், ஓடைக் கரையிலும் வீடு கட்டாதீர்கள்.
* மலை மண் பெரும்பாலும் அமிலத்தன்மை உள்ளது. மண் பரிசோதனை செய்து, பரிந்துரைப்படி மட்டும் சுண்ணாம்பு இடுங்கள்.
* மருத்துவமனைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்காதீர்கள். மழை இரவில் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள்.