தொட்டிக்கு எத்தனை பாண்டு மண் வேண்டும்?

மணலி புதுநகரில் வீட்டு முன்புறத்திலும் மொட்டை மாடியிலும் காய்கறிச் செடி வைக்க விரும்புவோர் பலரும் மண்ணை விலை கொடுத்தே வாங்க வேண்டியுள்ளது. கணக்கில்லாமல் வாங்கினால் மண் மிஞ்சி வாசலில் குவிந்து கிடக்கும், அல்லது தொட்டி பாதியிலேயே நிற்கும்.

மண்ணைக் கிலோவில் கணக்கிடக் கூடாது. ஈர மண் கனக்கும், காய்ந்த மண் இலேசாகும். வேருக்கு வேண்டியது இடம். ஆகவே லிட்டரில் கணக்கிடுவதே சரி. துளை போடாத தொட்டியானால் தண்ணீரை அளந்து ஊற்றிப் பார்த்துவிடலாம். துளை போட்ட தொட்டிக்கு வாயின் குறுக்களவையும் அடியின் குறுக்களவையும் சென்டிமீட்டரில் அளந்து, கூட்டிப் பாதியாக்குங்கள். வந்த எண்ணை அதே எண்ணாலும், பிறகு மண் நிற்கும் உயரத்தாலும், 0.8 ஆலும் பெருக்கி, 1000 ஆல் வகுத்தால் ஏறத்தாழ லிட்டர் கிடைக்கும்.

வாய் 30, அடி 22 என்றால் சராசரி 26. தொட்டி உயரம் 28 ஆனாலும், தண்ணீர் தேங்க மேலே 3 செ.மீ. விடவேண்டும், மண் உயரம் 25. இதற்கு 13.5 லிட்டர் மண் பிடிக்கும். செடிப் பைகளுக்கு, நிரப்பிய ஒரு பையின் சுற்றளவை நூலால் அளப்பது எளிது. சுற்றளவை அதே எண்ணாலும் உயரத்தாலும் பெருக்கி, 12.5 ஆலும் 1000 ஆலும் வகுக்கவும். சுற்றளவு 90, உயரம் 30 உள்ள பைக்கு 19 லிட்டர்.

இத்துடன் கணக்கு முடிவதில்லை. செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, மக்கிய தொழுவுரம் 1 பங்கு என்று கலக்கும்போது, மணல் கட்டிகளின் இடுக்கில் புகுந்துவிடும். நாலு பாண்டு போட்டால் நாலு பாண்டு வராது. நீர் ஊற்றியதும் மேலும் இறங்கும். ஆகவே ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளவும். மேற்சொன்ன தொட்டி 20 என்றால் 270 லிட்டருக்குப் பதில் 324 லிட்டர். பாண்டு 12 லிட்டர் கொள்ளுமானால் 27 பாண்டு. கன அடியில் சுமார் 12. ஒரு யூனிட் 100 கன அடி என்பதால், கால் யூனிட் வாங்கினாலே பாதி மிஞ்சும்!

மாடியில் வைப்போர் பாரத்தையும் கவனிக்க வேண்டும். நனைந்த மண் லிட்டருக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நிற்கும். 20 தொட்டிகள் 400 கிலோவைத் தாண்டிவிடும். சுவர், உத்தரம் உள்ள இடத்தின் மேல் வரிசையாக வைக்கவும். செம்மண்ணில் பாதியைக் குறைத்துத் தென்னை நார்க்கழிவு சேர்த்தால் பாரம் இறங்கும். 5 கிலோ கட்டி ஊறினால் ஏறத்தாழ 70 லிட்டர் ஆகும். அதில் உப்பு இருப்பதால் இரண்டு மூன்று முறை அலசிய பிறகே போடவேண்டும்.

கீரைக்கு 15 செ.மீ. ஆழம் போதும். கத்தரி, மிளகாய், தக்காளிக்கு 15 முதல் 20 லிட்டர் வேண்டும். ஆனால் மீஞ்சூர் வட்டாரத்தில் கடல்நீர் நிலத்தடியில் புகுந்துள்ளது அனைவரும் அறிந்ததே. உவர்நீர் பாய்ச்ச நேரிடுவோர் மண்ணில் சிக்கனம் பார்க்கலாகாது. சிறிய தொட்டி விரைவில் காயும். உப்பு அங்கேயே தங்கி இலை நுனியைக் கருக்கும். ஒரு அளவு பெரிய தொட்டியாக எடுத்து, மழைநீர் கிடைக்கும்போது அடித் துளை வழியே வழியும்வரை ஊற்றி உப்பைக் கழுவிவிடவும்.

முருங்கைக்கும் எலுமிச்சைக்கும் 200 லிட்டர் பீப்பாயைக் குறுக்கே வெட்டி வைக்கலாம். ஆனால் வேதிப்பொருள் இருந்த பீப்பாய் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், கழுவிக்கூடப் பயன்படுத்த வேண்டாம். கால்வாய் ஓரத்து வண்டலும் அப்படியே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகம்வரை பரவியது நினைவிருக்கும். காசில்லாமல் கிடைக்கிறதே என்று அந்தச் சேற்றை உண்ணும் செடிக்கு இடலாகாது.

ஒரு பயிர் முடிந்ததும் மண் மட்டம் இறங்கியிருக்கும். பழைய மண்ணைக் கொட்டிவிட வேண்டியதில்லை. வேர்க்கட்டையை எடுத்து, கிளறி, இறங்கிய அளவுக்கு மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ இட்டு, ஒரு வாரம் கழித்து அடுத்த நாற்றை நடலாம்.