மொச்சைக்கு ஒரு மெக்ஸிகோ சட்டை!

எழுதுவது 'டார்ட்டில்லா', படிப்பது 'டோர்த்தியா'. மெக்ஸிகோக்காரர்களின் சப்பாத்தி! ஸ்பெயினுக்குப் போய் அதே பெயரைச் சொல்லிக் கேட்டால், உருளைக்கிழங்கு ஆம்லெட்டைக் கொண்டுவந்து வைப்பார்கள். மெக்ஸிகோவில் அது மக்காச்சோள ரொட்டி. அந்த நாட்டின் வடக்குப் பக்கம் கோதுமையிலும் செய்கிறார்கள். அதற்கும் நம் வீட்டுச் சப்பாத்திக்கும் அண்ணன் தம்பி ஜாடை. உள்ளே பயறும் காயும் வைத்து மடித்தால் ஒரு வேளைச் சாப்பாடு முடிந்தது.

ஆரப்பாளையத்தில் இதற்கு என்ன வேலை என்கிறீர்களா? எங்கள் வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். தேனி, கம்பம் பஸ்களின் ஹாரன் ஓய்ந்தாலும் கொத்துப் பரோட்டா சத்தம் ஓயாது. அந்தச் சத்தம் காதில் விழுந்தால் என் பையனுக்குப் படிப்பு மறந்துவிடும். அத்தைக்கு (மாமியார்தான்!) போன வருஷம் சர்க்கரை என்று தெரிந்தது. "சோத்தைக் குறைங்க, மைதா வேண்டாம், பயறும் காயும் கூட்டிக்கிருங்க" என்றார் டாக்டர். குறைத்துக்கொண்டார். ஆனால் நாங்கள் நாலு பேரும் பரோட்டாவைப் பிய்க்கும்போது தனக்கு மட்டும் கிண்ணத்தில் சுண்டல் வந்தால் முகம் சுருங்கிவிடும்.

"என்னைய என்ன ஆஸ்பத்திரியிலயா வச்சிருக்கீங்க?" என்று ஒருநாள் கிண்ணத்தைத் தள்ளிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். சில சர்க்கரை மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் ஆபத்தாச்சே! இனிமேல் எல்லாருக்கும் ஒரே சாப்பாடு என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

ஐந்து பேருக்கு ஒரு டம்ளர் காய்ந்த மொச்சை. ராத்திரியே ஊறப் போட்டுவிடுங்கள். தை மாதப் பச்சை மொச்சை என்றால் அந்த வேலையும் இல்லை. தட்டாம்பயறும் தோதுதான். குக்கரில் குழைய வேகவிட்டு, பாதியை மசித்து, பாதியை முழுசாக விடணும். சீரகம், பூண்டு, வெங்காயம், தக்காளி, மிளகாய்த்தூள் வதக்கி, அதில் பயறைக் கொட்டிக் கெட்டியாகக் கிளறுங்கள். தண்ணியாக இருந்தால் முழங்கை வரை வழியும்! முட்டைகோஸ், கேரட், குடைமிளகாயைப் பெரிய தீயில் ரெண்டே நிமிஷம் வதக்கினால் போதும். சப்பாத்தியின் ஒரு பாதியில் பயறு, மேலே காய், கொஞ்சம் மல்லித்தழை, ஒரு பிழி எலுமிச்சை. மடித்து மறுபடி தோசைக்கல்லில் மொறுமொறுவென்று எடுங்கள். காலையில் மீந்த சப்பாத்திக்கு இதைவிட நல்ல கதி கிடையாது.

ராஜ்மா போடுகிறவர்கள் ஜாக்கிரதை! ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு நன்றாக வேகவிடணும். அரைவேக்காடு ராஜ்மா வாந்தி பேதியில் கொண்டுபோய் விடும்.

மக்காச்சோள மாவில் செய்யலாமா? செய்யலாம். ஆனால் கோதுமை மாதிரி இழுவை கிடையாது, விரிந்து போகும். பாதிக்குப் பாதி கோதுமை மாவு சேர்த்து, வெந்நீரில் பிசைந்து, வாழையிலையில் தட்டுங்கள். மெக்ஸிகோக்காரிகள் சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்துத்தான் அரைப்பார்கள். நாம் வெற்றிலைக்கு வைத்த சுண்ணாம்பு அங்கே அடுப்படியில்! அப்படிச் செய்தால்தான் சோளத்தில் இருக்கும் நியாசின் என்ற சத்து உடம்பில் ஒட்டும். அதைச் செய்யாமல் சோளத்தையே நம்பி வாழ்ந்த ஊர்களில் பெல்லாக்ரா என்ற தோல் நோய் வந்தது.

தானியத்தில் குறைகிற புரதச்சத்தைப் பயறு நிரப்பும், பயறில் குறைவதைத் தானியம் நிரப்பும். சம்பந்திகள் இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அதற்காகச் சர்க்கரைக்காரர்கள் சப்பாத்தியை எண்ணாமல் தள்ளக்கூடாது. கோதுமையும் மாவுதான். அத்தைக்கு ரெண்டு மடிப்பு, உள்ளே பயறும் காயும் தாராளமாக.

"டோர்த்தியா" அத்தை வாயில் நுழையவில்லை. "இன்னைக்கு டாட்டா உண்டாத்தா?" என்பார். பையனும் அப்படியே சொல்லப் பழகிவிட்டான். பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடுகிறபோது மட்டும் தக்காளியைக் குறைத்துவிடுவேன். மத்தியானத்துக்குள் ஊறி நமுத்துவிடும்.