எத்தனை டன் என்பதை ஓடுபாதையே சொல்லும்

இந்திய விமானப்படையின் சி-17 குளோப்மாஸ்டர் விமானத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், அது 77 டன் பாரம் சுமக்கும் என்பதைத்தான் முதலில் சொல்வார்கள். ஆனால் அந்தப் பாரத்தை அது எந்த மண்ணில் கொண்டுபோய் இறக்க வல்லது என்ற கேள்வியே, யுத்தத்திலும் பேரிடரிலும் அதன் உண்மையான உபயோகத்தை நிர்ணயிக்கிறது.

முழுச் சுமையோடு 265 டன் எடையுள்ள ஒரு ஜெட் விமானம் வேகமாக இறங்கினால் நிற்பதற்கு நெடும் பாதை வேண்டும். வேகத்தைக் குறைத்தாலோ இறக்கை அதைத் தாங்காது. இந்தச் சங்கடத்தைத் தீர்ப்பதற்காக, அதன் நான்கு என்ஜின்களிலிருந்து வெளிப்படும் காற்று இறக்கையின் பின்விளிம்பிலிருந்து இறங்கும் தகடுகளின்மேல் பாய்ந்து கீழ்நோக்கித் திரும்பும்படி அமைத்திருக்கிறார்கள். அதனால் மெதுவாகவும் கூடுதல் சரிவிலும் இறங்கி, 3,500 அடி நீளமும் 90 அடி அகலமும் உள்ள பாதையில் அதனால் நின்றுவிட முடிகிறது. தரை தொட்டபின் என்ஜின்களின் உந்துவிசை முன்னோக்கியும் மேல்நோக்கியும் திருப்பப்படுவதால், புழுதியும் கல்லும் கிளம்புவது குறைகிறது. அதே விசையைக் கொண்டு விமானம் பின்னோக்கியும் நகரும். அப்போது சரக்குப் பொறுப்பாளர் வால்புறக் கதவருகே நின்று விமானிக்கு வழி சொல்ல, 170 அடி இறக்கை விரிந்த அந்தப் பேருருவம் குறுகிய பாதையிலேயே முன்னும் பின்னுமாக நகர்ந்து திரும்பிக்கொள்கிறது. 2016 நவம்பரில் அருணாசலப் பிரதேசத்து மெச்சுக்காவில், 4,200 அடிப் பாதையில் அது இறங்கியது இந்தச் சாமர்த்தியத்தினால்தான்.

இறங்குவதைவிட எழும்புவதே கடினம். முழு எடையோடு கிளம்ப ஏறத்தாழ 7,700 அடி, அதாவது இறங்குவதற்கு வேண்டியதைப்போல் இரு மடங்குக்கு மேல், தேவைப்படுகிறது. ஆகவே சிறு தளங்களுக்குச் சுமையோடு போய், அதை இறக்கிவிட்டு, இலேசாகத் திரும்புவதே வழக்கம். அங்கிருந்து கனத்த தளவாடம் ஒன்றை மீட்டுவர நேர்ந்தால் கணக்கு முற்றிலும் மாறிவிடுகிறது.

நீளம் மட்டும் போதாது. தரையும் தாங்க வேண்டும். பாரம் ஓரிடத்தில் குவிந்து பாதையைப் பிளந்துவிடாமல் பரவுவதற்காகவே சி-17க்கு 14 சக்கரங்களும், சோவியத் நாட்டில் உருவான ஆன்டனோவ்-124க்கு 24 சக்கரங்களும் வைத்திருக்கிறார்கள்.

இவற்றையெல்லாம்விடக் கண்டிப்பானது காற்று. சமுத்திர மட்டத்திலிருந்து சுமார் 10,700 அடி உயரத்தில் உள்ள, லடாக்கின் லே நகரில் காற்றின் அடர்த்தி, சமுத்திர மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்கும் சற்றுக் குறைவு. இறக்கைக்கும் அது போதவில்லை, என்ஜினுக்கும் போதவில்லை. அதே பாரத்தைத் தூக்க அதிக வேகம் வேண்டும். அந்த வேகத்தை எட்ட நீண்ட ஓட்டம் வேண்டும். வெயில் ஏற ஏறக் காற்று மேலும் இலேசாகி, பிற்பகலில் பலமாகவும் வீசுவதால், லேயில் விமானப் போக்குவரத்து பெரும்பாலும் காலை வேளையிலேயே நடந்து முடிகிறது. 1962 அக்டோபரில் 14,000 அடிக்கும் மேலான சுஷூலில் ஆன்டனோவ்-12 விமானங்கள் ஏஎம்எக்ஸ்-13 டாங்கிகளை இறக்கியதும், 2013 ஆகஸ்ட் 20 அன்று 16,614 அடி உயரத்துத் தௌலத் பேக் ஓல்டியில் சி-130ஜே இறங்கியதும் எத்தகைய சாதனைகள் என்பது இதை அறிந்தவர்களுக்கே விளங்கும். பின்னதில் இறங்கியது மிகப் பெரிய விமானமன்று, நடுத்தர விமானம் என்பது கவனிக்கத்தக்கது.

விமானங்களின் விலை பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் வருகிறது. உறைபனிக்கு இடையே கிடைக்கும் சில மாதங்களில் பாதை போடும் தொழிலாளர்களின் பிரயாசையோ செய்தியாவதில்லை. லடாக்கின் நியோமாவில், சுமார் 13,700 அடி உயரத்தில், 2.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஓடுபாதைக்கு 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டியதை, புதிய விமானங்கள் வாங்குவதற்குச் சற்றும் குறையாத காரியமாகவே நாம் மதிக்க வேண்டும்.